மழைக்கு இறங்காத தவளை

ஜூன் 8, சனி

திங்கட்கிழமை பள்ளி திறக்கிறது. பத்தாம் வகுப்பு. எல்லாப் புத்தகங்களுக்கும் அட்டை போட்டுவிட்டேன். இந்த நோட்டின் முதல் பக்கத்தில் கால அட்டவணை எழுதுவதாக இருந்தேன். ஆனால் காலையில் இட்லி சாப்பிடும்போது அப்பா, தவளையைக் கோயம்புத்தூரில் புதிதாகத் திறக்கப்போகும் பழைய கார் காட்சியகத்துக்குக் கொடுத்துவிடப் போவதாகச் சொன்னார். ஜூலை பதினைந்தாம் தேதி லாரி வருமாம்.

"கண்ணாடிக் கூண்டு கட்டி ஏசி போட்டு வெக்கறாங்க. நம்ம கொட்டாய்ல கெடக்கறதுக்கு அது எவ்வளவோ மேல்," என்றார்.

அம்மா அவர் தட்டில் இன்னொரு இட்லியை வைத்தார். "அப்ப இனி ஓட்டறதில்லைன்னு முடிவே பண்ணியாச்சா?"

"மழைக்கு ஆகாத வண்டி பூங்கோதை அது."

தவளை என்பது எங்கள் கார். பச்சை நிறம், இரண்டே கதவு, விழி பிதுங்கிய விளக்குகள். 1972-ல் ஜெர்மனியில் செய்தது. மற்ற கார்களில் பெட்டி வைக்கும் இடத்தில், அதாவது பின்னால், இதற்கு எஞ்சின் இருக்கிறது. பெட்டி முன்னால் போகும். நான் பிறப்பதற்கு முன் வால்பாறையில் ஓர் எஸ்டேட் கொட்டகையில் அப்பா இதைக் கண்டுபிடித்தபோது, ஓட்டுநர் இருக்கையில் கோழி அடைகாத்துக்கொண்டிருந்ததாம். அதை ஓட வைக்க ஒன்பது வருடம் ஆயிற்று.

போன அக்டோபர் வரை மாதம் ஒருமுறை நானும் அப்பாவும் அதில் வால்பாறை போய் வருவோம். அக்டோபரில் மழையில் இறங்கும்போது ஒன்பதாவது கொண்டை ஊசி வளைவில் ஒரு வரையாடு குறுக்கே வந்தது. தவளை இரண்டு சுற்றுச் சுற்றிப் பின்பக்கம் சுவரில் இடித்து நின்றது. அப்பாவுக்கு ஒன்றும் ஆகவில்லை. எனக்கு நெற்றியில் இரண்டு தையல். அதன் பிறகு அப்பா ஞாயிறுதோறும் கொட்டகையில் அதைப் பத்து நிமிடம் உறும விட்டு அணைத்துவிடுவார். வெளியே எடுப்பதில்லை.

எனக்கு வேண்டியதைத் தெளிவாக எழுதிவிடுகிறேன். அப்பா தவளையை மறுபடி ஓட்ட வேண்டும். மழையிலும். ஐந்து வாரம் இருக்கிறது.

ஜூன் 10, திங்கள்

பள்ளி. புது வகுப்பாசிரியை என் பெயரைத் தரணி என்று படித்தார். தாரணி என்று திருத்தினேன். மழை இல்லை, காற்று மட்டும்.

ஜூன் 12, புதன்

தவளையின் கையேட்டை எடுத்து வந்து கணக்குப் புத்தகத்துக்குள் வைத்துப் படிக்கிறேன். ஆங்கிலம். காரை முதலில் வைத்திருந்த யாரோ ஒரு எஸ்டேட் துரை பென்சிலால் ஓரத்தில் எழுதிய குறிப்புகளும் இருக்கின்றன. புரிந்த அளவுக்கு என் சொற்களில்:

எடை பின்னால் இருப்பதால் முன் சக்கரங்கள் சாலையை லேசாகத்தான் தொடுகின்றன. தேங்கிய தண்ணீரில் வேகமாகப் போனால் முன்பக்கம் மிதக்கும். ஸ்டியரிங்கைத் திருப்பினாலும் வண்டி நேராகப் போகும். ஆகவே தண்ணீரைக் கண்டால் முன்கூட்டியே மெதுவாக வேண்டும். முன் டயருக்குக் காற்றுக் குறைவாகவும் பின் டயருக்கு அதிகமாகவும் இருக்க வேண்டும், மற்ற கார்களைப் போல நாலுக்கும் ஒரே அளவு அல்ல. பிரேக், கியர் எல்லாம் வளைவுக்கு முன்பே, சக்கரம் நேராக இருக்கும்போதே முடிந்துவிட வேண்டும். வளைவுக்குள் நுழைந்த பிறகு ஆக்ஸிலரேட்டரில் கால் ஒரே சீராக இருக்க வேண்டும். அங்கே திடீரென்று காலை எடுத்தால் எடை முன்னால் சாயும், பின் சக்கரங்களின் பிடி விடும், எஞ்சின் வண்டியை முந்தப் பார்க்கும்.

துரை இந்த இடத்தில் மூன்று கோடு போட்டு, "பயந்தாலும் எடுக்காதே" என்று எழுதியிருக்கிறார்.

அந்தப் பக்கத்தோடு மூடிவிட்டேன். நாளைக்கு ஆங்கிலப் பாடம் ஒப்பிக்க வேண்டும்.

ஜூன் 15, சனி

களத்துக்குப் போனேன். அப்பாவின் தொழில் தென்னை நார்க்கழிவு. தேங்காய் மட்டையிலிருந்து நாரை எடுத்த பிறகு உதிரும் பழுப்புத் தூளைக் கழுவி, சிமெண்டுக் களத்தில் காயவைத்து, அழுத்திக் கட்டியாக்கி விற்கிறார். செடி வளர்ப்பவர்கள் வாங்குவார்கள். களம் எங்கள் பள்ளி மைதானத்தைவிடப் பெரியது. மழைக்காலத்தில் எதுவும் காயாது என்பதால் இப்போது காலி.

ஒரு சோதனை செய்தேன். நாலு சக்கரத் தள்ளுவண்டியில் கட்டிகளை எல்லாம் பின்பக்கமாக ஏற்றி, தண்ணீர் ஊற்றிய சரிவில் தள்ளிவிட்டு, கைப்பிடியை ஒடித்துத் திருப்பினேன். பின்பக்கம் ஒரு கணம் யோசித்துவிட்டு, பிறகு சுழன்று என்னையே இடிக்க வந்தது. கட்டிகளை முன்னால் மாற்றிச் செய்தேன். சுழலவில்லை, ஆனால் திரும்பவும் இல்லை. நேராகப் போய்த் தண்ணீர்த் தொட்டியில் முட்டியது.

கட்டி அடுக்கிக்கொண்டிருந்த வேலாத்தா அக்கா பார்த்துக்கொண்டே இருந்தார்.

"ஏன் கண்ணு, பத்தாவதுல இப்படித்தான் பாடம் நடத்தறாங்களா?"

"நிலைமம் படிக்கிறேனுங்க அக்கா."

"படி, படி. படிச்சு முடிச்சிட்டு அந்தக் கட்டிய எல்லாம் திருப்பி அடுக்கிப்போட்டுப் போ."

அடுக்கினேன். இருபத்திரண்டு கட்டி.

ஜூன் 16, ஞாயிறு

மெக்கானிக் கபூர் பாய் வந்திருந்தார். ஒப்படைக்கும் முன் தவளையைத் துடைத்து மெருகேற்ற அப்பா கூப்பிட்டிருந்தார். நான் டயரின் பக்கவாட்டில் இருந்த எண்ணைக் காட்டி, அது டயர் செய்த வாரத்தையும் வருடத்தையும் குறிக்கிறது என்றேன். நகத்தால் கீறிப் பார்த்தார்.

"பதிமூணு வருசமாச்சு. மேல இருக்கற பட்டன் தேயல, அதனால யாரும் பாக்கல. ரப்பர் செருப்பு மாதிரி கெட்டியாயிருச்சு. இதுல மழையில போனா ஆடு என்ன, எறும்பு குறுக்க வந்தாலும் சுத்தும்," என்றார். பிறகு அப்பாவிடம், "ஏங்க சென்னியப்பண்ணா, அந்த ஆடு எவ்வளவு பெருசுங்க?"

"நல்ல கெடா. கொம்பு இத்தாச்சோடு," என்று அப்பா முழங்கையைத் தொட்டுக் காட்டினார். "பின்னாடியே குட்டி ஒண்ணு."

குட்டி இதுவரை இருந்ததில்லை. போன மாதம் பெரியப்பாவிடம் சொன்னபோது ஒற்றை ஆடு, சின்னக் கொம்பு. அப்பா என்னைப் பார்த்தார். நான் தலையாட்டினேன். எப்போதும் ஆட்டுகிறேன்.

"மழையில இறங்காத தவளைய எங்கயாச்சும் பாத்திருக்கியா அம்மிணி?" என்று கபூர் பாய் என்னிடம் கேட்டார். அப்பாவும் சிரித்தார். ஆனால் அதற்குப் பிறகு துடைக்கும் துணியை வெகுநேரம் மடித்துக்கொண்டே இருந்தார்.

ஜூன் 19, புதன்

கணக்குத் தேர்வு. நாற்பதுக்கு முப்பத்தெட்டு. முதல் நல்ல மழை. முதல் மழையில்தான் சாலையில் ஊறிய எண்ணெய் எல்லாம் மேலே மிதந்து வரும், அதுதான் அதிகம் வழுக்கும் என்று கையேடு சொல்கிறது. பள்ளிப் பேருந்துக்கு அது தெரியுமா என்று யோசித்தபடியே வந்தேன்.

ஜூன் 22, சனி

இந்த நோட்டில் பொய் எழுதக்கூடாது என்று வைத்திருந்தேன். முதல் நாளே எழுதிவிட்டேன். திருத்துகிறேன்.

ஆடு வரவில்லை.

தவளையில் மழை நேரத்தில் கண்ணாடியின் உட்புறம் ஆவி படிந்துவிடும். அதை விரட்டும் வசதி அந்தக் காலத்து வண்டியில் சரியாக இல்லை. அதனால் எங்களுக்குள் ஒரு வழக்கம் உண்டு. நான் துணியால் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே வருவேன். வளைவின் எண் பலகை தெரிந்ததும் எண்ணைச் சத்தமாகச் சொல்வேன். அப்பா என் குரலைக் கேட்டதும் ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்துப் பிரேக் போட்டு, கியர் மாற்றி, பிறகு திருப்புவார். ஏழு வயதிலிருந்து சொல்கிறேன். வால்பாறைச் சாலையில் நாற்பது வளைவுகள். ஒருமுறைகூடத் தவறவிட்டதில்லை.

அன்று மடியில் கதைப் புத்தகம் இருந்தது. கடைசி அத்தியாயம். பத்தைச் சொல்லிவிட்டு நாலு வரி படிக்கலாம் என்று நினைத்தேன். நாலு பக்கம் ஆகிவிட்டது. நிமிர்ந்தபோது கண்ணாடி வெள்ளையாக இருந்தது. அப்பா ஒரு கையால் தானே துடைத்துப் பார்த்து, வளைவுக்குள் நுழைந்து பாதி திரும்பிவிட்டிருந்தார். எந்தத் தவறும் செய்யவில்லை. அப்போதுதான் நான் "ஒன்பது" என்று கத்தினேன்.

என் குரலைக் கேட்டதும் அவர் கால் தானாக எழுந்தது. நான் பார்த்தேன்.

கையேட்டைப் படிக்கும்வரை அது ஏன் சுற்றியது என்று எனக்குத் தெரியாது. பன்னிரண்டாம் தேதியிலிருந்து தெரியும்.

ஜூன் 23, ஞாயிறு

சொல்லிவிட்டேன். அப்பாவிடம், கொட்டகையில், அவர் எஞ்சினை அணைத்த பிறகு. கையேட்டைத் திறந்து மூன்று கோடு போட்ட இடத்தைக் காட்டி, அக்டோபரில் நடந்ததை வரிசையாகச் சொன்னேன். அழக்கூடாது என்று பேசும்போது டயரையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அப்பா அந்தப் பக்கத்தை இரண்டு முறை படித்தார்.

"எனக்குத் தெரியும் சாமி," என்றார். "அன்னிக்கே தெரியும்."

"அப்புறம் ஏனுங்கப்பா ஆடுன்னு சொன்னீங்க?"

"ஆஸ்பத்திரியில உங்கம்மா எப்படி ஆச்சுன்னு கேட்டா. புள்ள மேல பழி போகக்கூடாதுன்னு வாயில வந்தது ஆடு. ஒருக்காச் சொல்லிட்டா அப்புறம் மேய்க்கத்தானே வேணும்."

கையேட்டை மூடி என்னிடம் கொடுத்துவிட்டுச் சொன்னார். "உன்ற தப்பு அதுல ஒண்ணுமில்ல. கண்ணாடி தெரியலன்னா நான்தான் நிறுத்தியிருக்கோணும். டயரு வேற செத்துப்போச்சு. ஆனா ஒண்ணு. நீ பக்கத்துல இருந்தா என்ற காலு உன்ற பேச்சத்தான் கேக்குது, என்ற பேச்சக் கேக்கறதில்ல. அதான் எனக்குப் பயம். இனி ஒருதரம் உன்னைய ரத்தத்தோட தூக்க என்னால ஆகாது."

"ஆடு இல்லைன்னு எனக்கும் அன்னிக்கே தெரியும்," என்று பின்னாலிருந்து குரல் வந்தது. அம்மா பணிக்குப் போகும் வெள்ளைச் சேலையில் நின்றிருந்தார். அம்மா அரசு மருத்துவமனையில் செவிலியர். "கண்ணாடியில மோதுன காயம் ஒரு மாதிரி இருக்கும். இவ நெத்தியில இருந்தது அட்டை போட்ட புஸ்தகத்து முனை. நானே தையல் போட்டேன், எனக்குத் தெரியாதா?"

"அப்ப எட்டு மாசமா ஏன் கேக்கல?" என்றார் அப்பா.

"ஆடு தேறி வருதேன்னு பாத்துட்டு இருந்தேன். குட்டியெல்லாம் போட்டுச்சே."

பிறகு அம்மா தவளையின் மேல் கை வைத்து, சாதாரணமாகச் சொன்னார். "குடுக்கறதுன்னா குடுங்க. ஆனா பயத்துல குடுக்காதீங்க. மலைக்குப் போக வேண்டாம். களம் சும்மாதானே கெடக்கு? அங்க சுத்தி விழுந்தா இடிக்க ஒண்ணுமில்ல. சுத்திப் பாருங்க."

எனக்கு அது தோன்றவே இல்லை. நான் அங்கே தள்ளுவண்டி ஓட்டியிருக்கிறேன்.

ஜூன் 27, வியாழன்

கபூர் பாய் புது டயர்கள் மாட்டிவிட்டார். பெட்ரோல் பங்கில் காற்றடிப்பவர் நாலுக்கும் ஒரே அளவு அடித்துவிட்டார். நான் கையேட்டைக் காட்டினேன். "எல்லா வண்டிக்கும் இதான் பாப்பா," என்றார். கபூர் பாய் முன் டயர்களில் காற்றை இறக்கி, பின் டயர்களுக்கு ஏற்றினார்.

ஜூன் 30, ஞாயிறு

நல்ல மழை. நான் இதை மெதுவாக எழுத வேண்டும், இல்லாவிட்டால் சிரித்துக்கொண்டே எழுதுவேன்.

முன்பக்கம் லேசாக இருப்பதுதானே குறை, பெட்டி வைக்கும் இடத்தில் கனமாக ஏதாவது வைக்கலாம் என்று நான்தான் சொன்னேன். துரையும் ஓரத்தில் அப்படி எழுதியிருக்கிறார். அவர் மணல் மூட்டை வைத்தாராம். எங்களிடம் என்ன இருக்கிறது? நார்க்கழிவுக் கட்டி. ஐந்து ஐந்து கிலோ, ஒரே அளவு, அழகாக அடுக்கலாம். எட்டுக் கட்டி வைத்தோம். அப்பா, நான், கபூர் பாய், மூன்று பேரும் சேர்ந்துதான் வைத்தோம்.

அப்பா தனியாக ஏறினார். முதலில் நடை வேகத்தில் வட்டமடித்தார். பிறகு கொஞ்சம் வேகம். வட்டத்தின் நடுவே வேண்டுமென்றே காலை எடுத்தார். தவளை, என் தள்ளுவண்டியைப் போலவே ஒரு கணம் யோசித்துவிட்டு, சுழன்று, வந்த திசையைப் பார்த்து நின்றது. இடிக்க ஒன்றுமில்லை. மழை மட்டும் பெய்துகொண்டிருந்தது. அப்பா உள்ளே அப்படியே உட்கார்ந்திருந்தார். அம்மா குடையோடு இரண்டு அடி முன்னால் வைத்தார். அப்போது எஞ்சின் மறுபடி உறுமியது.

பத்துமுறையாவது சுற்றியிருப்பார். பிறகு பின்பக்கம் நழுவத் தொடங்கும்போதே ஸ்டியரிங்கை அதே பக்கம் கொடுத்து நேராக்கக் கற்றுக்கொண்டார். பார்க்க வேண்டியது சுவரை அல்ல, போக வேண்டிய இடத்தை என்று கையேட்டில் இருந்ததை நான் களத்தின் ஓரத்திலிருந்து கத்தினேன். மழையில் கேட்டிருக்காது.

ஒரு மணி நேரம் ஆகியிருக்கும். கொட்டகையில் நின்று பார்த்துக்கொண்டிருந்த வேலாத்தா அக்கா, "ஏனுங்க, தவள வாந்தி எடுக்குதுங்க," என்றார்.

முன்மூடியின் இடுக்கு முழுவதிலிருந்தும் பழுப்பாக ஏதோ வழிந்துகொண்டிருந்தது. கபூர் பாய் கொக்கியை விடுவித்ததும் மூடி தானாகவே எழுந்தது. உள்ளே கட்டிகள் இல்லை. இடம் நிறையப் பொங்கிய தூள். முன்மூடியின் ரப்பர் ஐம்பது வருடப் பழசு. மழை உள்ளே இறங்கியிருக்கிறது. நார்க்கழிவுக் கட்டி தண்ணீர் பட்டால் பல மடங்கு உப்பும். அதற்காகத்தான் உலகம் முழுவதும் அதை வாங்குகிறார்கள். இருபது வருடமாக அதையே விற்கும் அப்பாவுக்கும், அந்தக் காசில் படிக்கும் எனக்கும் அது நினைவுக்கு வரவில்லை.

"பாட்டரி வேற உள்ளதான் இருக்கு," என்று கபூர் பாய் முழங்கை வரை கையை விட்டுத் துழாவினார்.

அப்பா சிரிக்கத் தொடங்கினார். அக்டோபருக்குப் பிறகு நான் அந்தச் சிரிப்பைக் கேட்கவில்லை. களத்தில் உட்கார்ந்துவிட்டார். அம்மா அவர் தலைக்கு மேல் குடையைப் பிடித்துக்கொண்டு, "நாப்பது கிலோவையும் நீங்களேதான் அள்ளோணும்," என்றார். சாயங்காலம் வரை அள்ளினோம்.

ஜூலை 3, புதன்

முன்மூடிக்குப் புது ரப்பர். இனி மணல்தான், பிளாஸ்டிக் சாக்கில். காட்சியகத்திலிருந்து தொலைபேசி வந்தது. அப்பா, "பதினஞ்சாந் தேதிதானுங்களே, ஆகட்டுங்க," என்றார். நான் பக்கத்து அறையில் வேதியியல் படித்துக்கொண்டிருந்தேன். படிக்கவில்லை.

ஜூலை 7, ஞாயிறு

இன்று நானும் ஏறினேன். அம்மா பெல்ட்டை இரண்டு முறை இழுத்துப் பார்த்தார்.

அப்பா இரண்டு வட்டம் அடித்துவிட்டுச் சொன்னார்: "இப்ப வளைவு பாதியில எண்ணச் சொல்லு. அன்னிக்குச் சொன்ன மாதிரியே கத்து."

"வேண்டாமுங்கப்பா."

"உன்ற குரலுக்குக் காலு எந்திரிக்கக் கூடாது. அதுக்குத்தான் வந்திருக்கோம். சொல்லு."

"ஒன்பது" என்றேன். சுற்றியது. களமும் அம்மாவின் குடையும் தென்னைமரங்களும் ஒரே கோடாக ஓடி நின்றன. அப்பா திரும்பி என்னைப் பார்த்தார். நான் சரியாகத்தான் இருந்தேன்.

"மறுபடி."

ஒன்பது. சுற்றியது. ஒன்பது. பாதி சுற்றியது. ஒன்பது, ஒன்பது. எத்தனை முறை என்று எண்ணுவதை விட்டுவிட்டேன். ஒவ்வொரு முறையும் நான் கத்தும்போது அப்பாவின் வலது முழங்கால் துள்ளியது. பிறகு துள்ளல் குறைந்தது. பிறகு ஒருமுறை நான் கத்தினேன், வட்டம் வட்டமாகவே போனது. அடுத்த முறையும். அதற்கடுத்த முறை நான் ஒன்பது, எட்டு, ஆடு, வாய்ப்பாடு என்று என்னென்னவோ கத்தினேன். அவர் கால் அசையவில்லை. என் பேச்சை அப்பா கேட்காமல் இருப்பதற்காக நான் இவ்வளவு மகிழ்வேன் என்று நினைத்ததில்லை.

புது விதி ஒன்று வைத்துக்கொண்டோம். எண்ணை, பலகை கண்ணில் பட்டதுமே சொல்வது, தவறவிட்டால் சொல்லாமலே விட்டுவிடுவது. கண்ணாடி தெரியாவிட்டால் "நிறுத்துங்க" என்பது. வளைவுக்குள் இருவரும் பேசுவதில்லை.

ஜூலை 11, வியாழன்

புத்தகம் எதுவும் கொண்டுபோவதில்லை என்று அப்பாவிடம் சொன்னேன். "கொண்டா. வால்பாறையில டீ குடிக்கறப்ப படி," என்றார். அதாவது போகிறோம்.

ஜூலை 14, ஞாயிறு

அம்மா வாசல் வரை வந்தார். "சாயங்காலம் அஞ்சு மணிக்குள்ள," என்றார்.

ஏறும்போது சாரல். வால்பாறையில் அடை மழை. டீக்கடையில் நான் புத்தகத்தைத் திறந்து ஒரு வரிகூடப் படிக்கவில்லை. இறங்கும்போது நாற்பதிலிருந்து எண்ணினேன். துடைத்தேன், பார்த்தேன், சொன்னேன். அப்பா நேராக இருக்கும்போதே மெதுவாக்கினார், கியர் மாற்றினார், பிறகு சீராகத் திருப்பினார். முப்பத்தொன்றில் கண்ணாடி வெளுத்தது. "நிறுத்துங்க," என்றேன். நிறுத்தினார். ஜன்னலை இறக்கி, துடைத்து, மறுபடி போனோம். நனைந்துவிட்டோம்.

ஒன்பது சாதாரணமாகப் போயிற்று. நான் அதைச் சொன்னபோது இருவரும் கொஞ்சம் நிமிர்ந்து உட்கார்ந்தோம், அவ்வளவுதான்.

ஆறாவதில்தான். நாங்கள் வளைவுக்குள் பாதி இருந்தபோது கீழிருந்து அரசுப் பேருந்து எங்கள் பக்கத்தில் பாதியை எடுத்துக்கொண்டு ஏறி வந்தது. விதியை மறந்து, "பஸ்ஸு" என்று கத்திவிட்டேன். என் பலம் முழுவதையும் சேர்த்துக் கத்தினேன்.

அப்பாவின் முழங்கால் அசையவில்லை. கைகள் மட்டும் சிறிது திரும்பின. தவளை சாலையோரத்தை ஒட்டினாற்போல இடப்பக்கம் ஒதுங்கியது. பேருந்தின் ஈரப் பக்கம் என் அப்பாவின் ஜன்னலை உரசாமல் நீளமாகப் போய்க்கொண்டே இருந்தது. பிறகு சாலை காலியாக இருந்தது. பேருந்து ஓட்டுநர் போகும்போது ஒரு கையைத் தூக்கிக் காட்டியிருந்தார்.

"ஐந்து," என்றேன், பலகை தெரிந்ததும். குரல் நன்றாகவே வந்தது.

மலையடிவாரத்தில், ஆழியாறில் சாலையோரம் நிறுத்தினார். எஞ்சினை அணைக்கவில்லை. தொலைபேசியை எடுத்தார்.

"வணக்கமுங்க, பொள்ளாச்சி சென்னியப்பன் பேசறேன். நாளைக்கு லாரி அனுப்ப வேண்டாமுங்க... இல்லீங்க, வண்டிக்கு ஒண்ணுமில்லீங்க, நல்லாத்தான் இருக்குது... ஆமாங்க, எனக்கும் சங்கடந்தானுங்க. ஆனா வண்டி எனக்கு வேணுமுங்க. மழ பெய்யுதில்லீங்களா, ஓட்டோணும்."

வைத்துவிட்டு மணியைப் பார்த்தார். மூன்று ஐந்து.

"அம்மா அஞ்சுக்குத்தானே சொன்னா?" என்றார்.

"ஆமாங்கப்பா."

"பத்து வளைவு ஏறி எறங்கறதுக்கு நேரம் இருக்குது."

வண்டியைத் திருப்பினார். நான் துணியைப் பிழிந்து கண்ணாடியைத் துடைத்தேன்.

"ஒன்று," என்றேன்.